மோட்டார் வந்தும் மாறாத ஆலை

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு வந்தும் வளர்ச்சிக் கணக்கில் ஒன்றும் தெரியவில்லையே என்று அங்கலாய்ப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. எடிசன் நியூயார்க்கில் மின்நிலையம் திறந்தது 1882இல். அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித்திறன் எகிறியதோ 1920களில்தான். நடுவில் என்ன நடந்தது? முதலாளிகள் பலர் நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். கூரையோரம் ஓடும் நீண்ட தண்டும், அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இறங்கும் தோல் பெல்ட்டும் அப்படியே இருந்தன. ஒரே ஓர் இயந்திரம் ஓட வேண்டுமென்றாலும் முழுத் தண்டும் சுற்றியாக வேண்டும்! இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று பிரித்து, ஆலையின் அமைப்பையே மாற்றிப் போட்ட பிறகுதான் பலன் வந்தது.

ரஷ்யப் பொருளியலாளர் கோந்திராத்தியேவ் 1920களில் சொன்ன, பொருளாதாரம் ஏறி இறங்கும், ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீளும் அலைகளை எல்லோரும் ஏற்பதில்லை. சரி, அலை இருக்கட்டும், தாமதம் உண்மைதானே? கருவி வாங்க அரசுகள் தரும் சலுகையில் பாதியையாவது வேலைமுறையை மாற்றவும் ஆட்களைப் பழக்கவும் தரட்டும்.

– ஒரு வாசகர்