நிற்கத் தெரிகிறதா என்று யார் கேட்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலைப் பாதுகாப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியாகும் செய்திகளும் வாசகர் கடிதங்களும் பெரும்பாலும் தலைக்கவசத்தையே சுற்றி வருகின்றன. அது வேண்டியதுதான். உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2015 ஜூலை 1 முதல் தமிழகத்தில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டதையும், அணியாதவர்களுக்கு இப்போது 1,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படுவதையும் நான் குறை கூறவில்லை. ஆனால் தலைக்கவசம் கீழே விழுந்த பிறகு காப்பது. விழாமல் இருக்க வேண்டுமானால் ஸ்கூட்டர் ஓட்டுபவருக்கு ஒழுங்காக பிரேக் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொடுப்பவரும் இல்லை, தெரிகிறதா என்று சோதிப்பவரும் இல்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் இருசக்கர வாகனப் பழுதுநீக்கும் பட்டறை நடத்தி வருகிறேன். சர்வீசுக்கு வரும் பழைய ஸ்கூட்டர்களின் சக்கரங்களைக் கழற்றும்போது, பின் சக்கரத்து பிரேக் ஷூ (சக்கரத்தின் உள்ளே உரசி அதை நிறுத்தும் பட்டை) தேய்ந்து இரும்போடு இரும்பு உரசும் நிலையில் இருக்கும். முன் சக்கரத்து ஷூவோ தூசி படிந்து, மற்றபடி வாங்கியபோது இருந்ததைப் போலவே இருக்கும். அந்த வண்டி ஓடிய காலம் முழுவதும் அதை ஓட்டியவர் பின் சக்கரத்துக்கான இடது கை பிரேக்கை மட்டுமே பிடித்திருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. இதைவிடக் கவலை தருவது, "முன் பிரேக் ரொம்பப் பிடிக்குது, கொஞ்சம் லூசா விடுங்க" என்று வாடிக்கையாளர்களே கேட்பது. நான் மறுத்தால் அடுத்த தெருவில் செய்துகொண்டு போகிறார்கள்.

இந்த அச்சம் சைக்கிள் பழகிய காலத்திலிருந்தே நம்மிடம் ஊறிப்போனது. முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தூக்கியடித்துவிடும் என்று பெரியவர்கள் சொன்னதை அப்படியே ஸ்கூட்டருக்கும் கொண்டுவந்துவிட்டோம். உண்மையில் வண்டியை நிறுத்தும்போது அதன் பாரமும் ஓட்டுபவரின் பாரமும் முன்பக்கமாகச் சாய்வதால் முன் டயர் சாலையில் அழுந்துகிறது, பின் டயரின் பிடிப்பு குறைகிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்தினுடையதே. பின் பிரேக்கை மட்டும் நம்பி அழுத்தினால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்துப் போகுமே தவிர, வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. முன் பிரேக் ஆளைக் கவிழ்ப்பதெல்லாம் ஹேண்டிலைத் திருப்பிய நிலையிலோ, மணலின் மேலோ, பதற்றத்தில் ஒரேயடியாக வெடுக்கென்று பிடிக்கும்போதோதான். ஹேண்டிலை நேராக வைத்து, ஆக்சிலேட்டரை முழுமையாக விட்டு, இரண்டு லிவர்களையும் ஒன்றாகப் படிப்படியாக அழுத்தினால் ஸ்கூட்டர் நன்றாகவே நிற்கும்.

ஆக்சிலேட்டரை விடுவது என்பதும் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம்தான். முன் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒரே வலது கையில் இருப்பதால், புதிதாகப் பழகுபவர் பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது தம்மை அறியாமலே அதை முறுக்கிவிடுகிறார். நிற்க வேண்டிய வண்டி பாய்கிறது. கியர் வண்டியானால் கிளட்சைப் பிடித்துத் தப்பிக்கலாம், ஸ்கூட்டரில் அந்த வழியும் இல்லை. முன்னால் குழந்தையை நிற்க வைத்து ஓட்டும் பெற்றோர், அந்தப் பிஞ்சுக் கை எந்தக் கைப்பிடியைப் பற்றியிருக்கிறது என்பதை ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும்.

125 சிசி வரையிலான வண்டிகளில் இரு சக்கர பிரேக்குகளையும் இணைத்து இயக்கும் அமைப்போ, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வசதியோ இருக்க வேண்டும் என்று 2019 ஏப்ரல் முதல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் வருவது முதலாவதுதான். இடது லிவரை அழுத்தினால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும் இந்த ஏற்பாட்டால் நிலைமை சற்று மேம்பட்டிருக்கிறது என்பதைப் பட்டறையில் நானே காண்கிறேன். ஆயினும் அது ஓரளவுதான். முழுப் பிடிப்பு வேண்டுமானால் வலது லிவரையும் அழுத்தியாக வேண்டும். கேபிளால் இணைத்த வண்டிகளில் அந்தக் கேபிளைச் சரியான இறுக்கத்தில் வைக்காவிட்டால் இணைப்பு இருந்தும் பயனில்லை.

எங்கள் டெல்டா பகுதிக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியை அடைத்து நெல்லைக் காய வைக்கிறார்கள், சில இடங்களில் வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று கதிரையும் வைக்கோலையும் பரப்பி வைக்கிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கு 17, 18 அங்குலச் சக்கரம் என்றால் ஸ்கூட்டருக்கு 10 அல்லது 12 அங்குலம்தான். பள்ளத்தில் அதிகம் இறங்குவதும், இத்தகைய பரப்பில் சட்டென்று தடுமாறுவதும் இந்தச் சின்னச் சக்கரமே. வைக்கோலின் மேல் ஏறிய பிறகு பிரேக் பிடிப்பதைவிட, ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு பிரேக்கைத் தொடாமல் கடந்துவிடுவது நல்லது. விவசாயிகளுக்குப் போதிய உலர்களம் கட்டிக்கொடுக்காத வரை அவர்களை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை.

இனி உரிமத் தேர்வுக்கு வருகிறேன். இருசக்கர வாகனத் தேர்வு என்றாலே நம் மாநிலத்தில் "எட்டு போட்டாச்சா" என்பதுதான் கேள்வி. மெதுவாக ஊர்ந்து, காலைத் தரையில் ஊன்றாமல், வளைந்து வளைந்து வந்துவிட்டால் தேர்ச்சி. சமநிலையைச் சோதிக்க அது போதும். ஆனால் அந்தத் தேர்வில் வெற்றி பெற வழி நிற்காமல் இருப்பதே என்பதைக் கவனிக்க வேண்டும். பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டியில்கூட எட்டு போட்டுவிடலாம். இத்தனைக்கும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி, ஓட்டுநர் தேர்வில் சோதிக்க வேண்டியவற்றுள் அவசர நிலையில் வாகனத்தை நிறுத்தும் திறனையும் சேர்த்தே சொல்கிறது. விதி இருக்கிறது, மைதானத்தில் அதைக் காணோம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டரைக் கடக்கிறது. குறுக்கே வரும் மாட்டைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள் ஏறக்குறைய அந்தத் தூரம் போய்விடும், அதன் பிறகே நிற்கும் தூரம் தொடங்கும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இப்படி அவசரமாக நிறுத்துவதை ஒருமுறையாவது தம் கையால் செய்து பார்க்காதவரிடம் உரிமத்தைக் கொடுத்து நெடுஞ்சாலைக்கு அனுப்புகிறோம். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களில் பலர் கணவரிடமோ தம்பியிடமோ தெருவில் பழகியவர்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளின் கவனமோ காரின் மேல்தான். வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 2018இல் மாநில அரசு 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தது. அதோடு அரை நாள் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. கடைகளில் புது வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, சாவியோடு புகைப்படமும் எடுத்துக் கொடுக்கிறார்கள்; எந்த லிவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கும் என்று சொல்லி அனுப்புவதை நான் பார்த்ததில்லை.

எட்டு போட்டு முடித்தவரை நேரான பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரச் சொல்லி, ஆய்வாளர் கை காட்டியதும் இரண்டு பிரேக்குகளையும் பிடித்து, காலைத் தேய்க்காமல், சக்கரம் வழுக்காமல், வரைந்த கட்டத்திற்குள் நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. சுண்ணாம்பால் இரண்டு கோடும் ஆளுக்கு இரண்டு நிமிடமும் போதும். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத சிறிய மின் ஸ்கூட்டர்களுக்கு உரிமமே வேண்டியதில்லை என்பதால், அவற்றை ஓட்டும் மாணவர்களுக்குப் பள்ளிகளிலேயே இதைப் பழக்கலாம். போக்குவரத்துத் துறை ஆணையர் அவர்கள், முதலில் ஒரு மாவட்டத்திலாவது இதை நடைமுறைப்படுத்திப் பார்க்க ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பழுதுநீக்குநர் ஒருவர்,
கும்பகோணம்.