முதலில் அது யார் கையெழுத்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மர்மமாக இறந்துபோன ரிக்கி மெக்கார்மிக் பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதி, அவர் கால்சட்டைப் பையில் கிடைத்த, யாருக்கும் புரியாத சங்கேத எழுத்தில் இருந்த இரண்டு சீட்டுகளின் படத்தையும் போட்டு, 'உங்களால் படிக்க முடிகிறதா?' என்று கேட்டிருந்தீர்கள். வாசகர்கள் அனுப்பிய விடைகளையும் இந்த வாரம் பார்த்தேன். ஒருவர் மருந்துப் பட்டியல் என்கிறார், இன்னொருவர் சூதாட்டக் கணக்கு என்கிறார், மூன்றாமவர் நெடுஞ்சாலைக் குறிப்பு என்று அடித்துச் சொல்கிறார்.

நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த உரிமையில் கொஞ்சம் எழுதுகிறேன்.

பிட்மன் சுருக்கெழுத்தில் மெய்யொலிகளுக்குத்தான் கோடு. உயிரொலிகளுக்குப் புள்ளியும் சிறு கீற்றும். வக்கீல் வேகமாகப் பேசும்போது புள்ளி வைக்க ஏது நேரம்? விட்டுவிட்டுப் போவோம். கோடு வரிக்கு மேலே நிற்கிறதா, வரியின்மேல் நிற்கிறதா, வரியை வெட்டுகிறதா என்பதை வைத்து உயிரொலியை ஊகித்துக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் ஆளாளுக்குச் சொந்தக் குறுக்குவழிகள் வேறு. சக ஊழியர் திடீரென்று விடுப்பில் போய் அவருடைய நோட்டு என் மேசைக்கு வந்தால், நான் முதலில் கேட்பது வழக்குக் கட்டைத்தான். யார் சாட்சி, எந்த ஊர், என்ன தகராறு என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கோடுகள் வாயைத் திறக்கும். இத்தனைக்கும் அவரும் நானும் ஒரே முறையைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள்.

இப்போது மெக்கார்மிக்கின் வழக்குக் கட்டில் என்ன இருக்கிறது? வயது 41. மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ்காரர். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. இதயக் கோளாறும் நுரையீரல் கோளாறும் இருந்தன. 1999 ஜூன் 25 அன்று பரிசோதனைக்காக மருத்துவமனைக்குப் போனார். ஜூன் 30 அன்று வெஸ்ட் ஆல்டன் பக்கத்தில் ஒரு சோளக்காட்டில் அழுகிய நிலையில் உடல் கிடைத்தது. எதனால் இறந்தார் என்று தீர்மானிக்க முடியவில்லை. கொலைக்கான தடயம் இல்லை என்றுதான் அப்போது சொன்னார்கள். 12 வருடம் கழித்து, 2011 மார்ச்சில், அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. இது கொலை என்று சொல்லி, சீட்டுகளின் படத்தை வெளியிட்டுப் பொதுமக்களிடம் உதவி கேட்டது. அவர்களுடைய சங்கேதப் பிரிவும் சங்கேதப் புதிர் ஆர்வலர்களின் அமெரிக்கக் கிரிப்டோகிராம் சங்கமும் முயன்று கைவிரித்த பிறகு இந்த வேண்டுகோள்.

நீதிமன்றத்தில் ஒரு காகிதத்தை நீட்டினால் முதல் கேள்வி, இது யார் எழுதியது என்பதுதான். சிறு வயதிலிருந்தே இப்படிச் சங்கேதமாக எழுதுவது அவர் வழக்கம் என்று குடும்பத்தார் சொன்னதாக எஃப்.பி.ஐ. சொன்னது. அடுத்த வருடம் உள்ளூர்ப் பத்திரிகையிடம் குடும்பத்தார் பேசியது நேர்மாறாக இருந்தது: அவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், மற்றபடி வெறும் கிறுக்கல்தான், இப்படிச் சீட்டுகள் இருந்ததே எங்களுக்கு 2011 வரை தெரியாது. இரண்டில் எது உண்மை என்பதைப் பொறுத்து அந்தக் காகிதத்தின் பொருளே மாறும். உங்கள் கட்டுரையில் முதல் கூற்று மட்டும்தான் வந்தது. விடை எழுதிய வாசகர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

அந்த நெடுஞ்சாலைக்காரருக்கு வருகிறேன். ஒரு சீட்டில் அடைப்புக்குறிக்குள் மூன்று வரிகள் வருகின்றன. அவற்றில் 71, 74, 75 என்ற எண்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் என்.சி.பி.இ. என்ற அதே நான்கு எழுத்துகள். அந்த மூன்று எண்களிலும் அமெரிக்காவில் மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைகள் உண்டு. மூன்றுமே ஓஹியோவின் சின்சினாட்டியில் வந்து சேர்கின்றன. வரைபடத்தில் பார்த்தபோது எனக்கும் ஒரு கணம் புல்லரித்தது, மறுக்கவில்லை. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். என்.சி.பி.இ. என்றால் என்ன? அதே சீட்டுகளில் வேறு எண்களும் இருக்கின்றனவே, அவையும் சாலைகளா? வரிக்கு வரி சொற்கள் எஸ்.இ. என்றே முடிவது ஏன்? முப்பது வரிக்கு மேல் இருப்பதில் மூன்று வரிக்குப் பொருந்தி, மற்றதற்குப் பொருந்தாத சாவியைச் சாவி என்று சொல்ல முடியாது.

அமெச்சூர்களால் ஆகாது என்று நான் சொல்லவில்லை. 1969இல் கலிபோர்னியாவில் ஸோடியாக் என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்ட கொலைகாரன் மூன்று பத்திரிகைகளுக்கு மூன்று துண்டாக அனுப்பிய 408 சங்கேதக் குறிகளை, சலீனாஸ் ஊரைச் சேர்ந்த ஆசிரியர் டொனால்ட் ஹார்டனும் மனைவி பெட்டியும் வீட்டிலேயே உட்கார்ந்து உடைத்தார்கள். இவன் தற்பெருமைக்காரன், 'நான்' என்றுதான் தொடங்குவான், 'கொல்' என்ற சொல்லும் வரும் என்று ஊகித்தது அந்த அம்மாள்தான். ஆளைப் படித்துவிட்டுத்தான் எழுத்துக்குப் போனார். அவனுடைய இன்னொரு கடிதம், 340 குறிகள் கொண்டது, 51 வருடம் கிடந்து 2020 டிசம்பரில் உடைந்தது. ஓர் அமெரிக்க மென்பொருள்காரர், ஓர் ஆஸ்திரேலியக் கணிதவியலாளர், பெல்ஜியத்தில் கிடங்கு வேலை பார்த்த ஒருவர், மூவரும் சேர்ந்து முடித்தார்கள். குறிகளைப் படிக்கும் வரிசைகளை மட்டும் லட்சக்கணக்கில் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். ஆனால் அங்கே யார் எழுதினார் என்பதில் சந்தேகம் இல்லை, எழுதியவன் படிக்கப்பட வேண்டும் என்று விரும்பினான். மெக்கார்மிக்கின் பையில் இருந்தது யாருக்கும் அனுப்பப்பட்டதல்ல. தனக்கே எழுதிய குறிப்பாக இருந்தால் அதில் பாதி எழுதினவர் தலைக்குள் இருந்திருக்கும்.

எஃப்.பி.ஐ. கேட்டதும் வெறும் விடையை அல்ல. இதே மாதிரி எழுத்தை வேறெங்காவது பார்த்தவர்கள் உண்டா, அந்த மனிதரைப் பற்றி எதாவது தெரிந்தவர்கள் உண்டா என்றும் கேட்டார்கள். கையெழுத்தை ஒப்பிட இன்னொரு காகிதம் கிடைத்தால் நாம் எல்லோரும் சேர்ந்து போடும் ஊகங்களைவிட அது பெரிது.

இன்னொன்று. அவர் கார் ஓட்டாதவர். உடல் கிடந்த இடம் வீட்டிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர். அந்தப் பக்கம் பொதுப் பேருந்தும் கிடையாது. யாரோ ஒருவர் வண்டியில் கொண்டுபோயிருக்க வேண்டும். புதிரில் மூழ்கியவர்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை.

அடுத்த வாரமும் விடைகள் வெளியிடுவதாக அறிவித்திருக்கிறீர்கள். வெளியிடுங்கள். கூடவே குடும்பத்தாரின் மறுப்பையும் போடுங்கள். செயின்ட் லூயிஸிலிருந்து அந்தச் சோளக்காடு வரைக்கும் ஒரு வரைபடமும் போடுங்கள். சீட்டுகளின் படத்தையும் தயவுசெய்து பெரிதாக அச்சிடுங்கள். போன முறை பூதக்கண்ணாடி வைத்தும் இரண்டாவது சீட்டின் கீழ் வரிகள் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்,
பாளையங்கோட்டை