சிறுபோகக் கூட்டத்தில் புல்லுக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

மலையகத்தில் சரிவு நிலங்களில் தீவனப்புல் வளர்த்துச் சிறு பாற்பண்ணையாளர்கள் முன்னேறுவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் இதே முறையை வடக்கிலும் அப்படியே கொண்டுவரலாம் என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதம். இங்கே புல்லுக்குக் குளத்துத் தண்ணீரில் பங்கு கிடைக்காமல் அது சரிவராது.

கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் எங்களில் பலர் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். புல் வெட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. அம்மா அங்கே கொழுந்து எடுத்து முடித்து லயத்துக்குத் திரும்பும்போது கானோரத்துப் புல் ஒரு கட்டு தலையில் இருக்குமாம். தேயிலையைப் பிடுங்கிய மலையில் மறுநடுகைக்கு முன் குவாத்தமாலாப் புல்லும் மானாப் புல்லும் போடுவார்கள். சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் புல் நட்டால் மண்ணும் ஓடாது, மாட்டுக்கும் தீனி. அங்கே காப்பாற்ற வேண்டியது மண். இங்கே தண்ணீர்.

வன்னியில் நிலம் தட்டை. மழை ஐப்பசியில் தொடங்கித் தையோடு போய்விடும். பிறகு குளமும் கிணறும்தான். இது தெரிந்தும் எந்தத் திட்டம் வந்தாலும் சி.ஓ.3 புல்லின் தடிகளைச் சாக்கில் கட்டித் தந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். புல்லைக் குறை சொல்லவில்லை. கோயம்புத்தூரில் கம்பையும் நேப்பியரையும் கலந்து உருவாக்கிய அருமையான இனம் அது. நட்டு இரண்டரை மாதத்தில் முதல் வெட்டு, பிறகு 45 நாளுக்கு ஒரு வெட்டு. ஆனால் அந்தக் கணக்கு இறைப்பு இருந்தால்தான். கோடையில் சோளகக் காற்று (தென்மேல் காற்று) தொடங்கியதும் இலை சுருண்டு தண்டு முற்றிவிடும். மாடு நுனியை மட்டும் உருவித் தின்றுவிட்டு மிச்சத்தை மிதித்துத் தள்ளும். 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளுக்கு 30 கிலோ பச்சைத்தீனியாவது வேண்டும். ஆவணியில் அதை எங்கே போய் வெட்டுவது?

மாரியில் மட்டும் என்ன வாழ்கிறது? மாரி நெல்லான காலபோகம் விதைத்தால் வயலுக்குள் மாடு இறங்க முடியாது. காட்டுப் பக்கம் போனால் எல்லைக்கல் போட்டு மறித்திருக்கிறார்கள். தெருவில் நின்றால் கட்டாக்காலி என்று பிடித்துக் கட்டித் தண்டம் அறவிடுவார்கள். 2022 மார்கழிக் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளமான மாடுகள் செத்தன. குளிர் கொன்றது என்றார்கள். வயிறு காய்ந்து நின்ற மாடுகள்தான் முதலில் விழுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எங்களிடம் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியவை உண்டு. வேலிக்குக் கிளிசரியா (சீமைக்கிளுவை) மரத் தடி நட்டால் வேலியும் ஆச்சு, தீனியும் ஆச்சு. கோடையிலும் குழை வெட்டலாம், புரதமும் அதிகம். அதன் மணத்துக்கு மாடு முதலில் முகத்தைத் திருப்பும். வெட்டிய குழையை ஓர் இரவு வாடவிட்டு, புல்லோடு கலந்து கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெளித்து வைத்தால் நாளடைவில் பழகிவிடும். வைக்கோல் கதை இன்னும் வயிற்றெரிச்சல். மெசின் அரிவு வெட்டிவிட்டுப் போனதும் வயலிலேயே நெருப்பு வைக்கிறோம், ஐந்து மாதம் கழித்து அதே வைக்கோலைக் காசு கொடுத்துத் தேடுகிறோம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று கிழமை மூடி வைத்தால் சத்துக் கூடும். கன்றுக்குட்டிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. ஊருக்கு ஒரு வைக்கோல் கட்டும் மெசின் கிடைத்தால் ஆயிரம் புல்தடிகளைவிட உதவும்.

ஆனாலும் பால் வற்றாமலிருக்கப் பச்சைப்புல் கொஞ்சமாவது வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். குளத்துத் தண்ணீரை நம்பிக் கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர்மட்டத்தைப் பார்த்து நெல்லுக்கு இத்தனை ஏக்கர், உப உணவுப் பயிருக்கு இத்தனை ஏக்கர் என்று பிரிக்கிறார்கள். நான் போயிருந்த கூட்டங்களில் புல் என்ற சொல்லே எழவில்லை. புல்லுக்கு வாய்க்கால் தண்ணீர் திருப்பினால் களவாகப் பாய்ச்சியது போலப் பார்க்கிறார்கள். பாலுக்குக் கிழமைதோறும் காசு வருகிறது, அதில் அடுப்பெரியும் வீடுகள் எத்தனை! புல்லும் பயிர்தானே?

அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் மாடு வளர்ப்போருக்கென ஒரு சிறு பங்காவது ஒதுக்க வேண்டும். ஒரு பசுவுக்குக் கால் ஏக்கர்கூட வேண்டாம், வீட்டோடு ஒட்டிய ஒரு துண்டுக்கு முறைத் தண்ணீர் போதும். கமநல சேவை நிலையமும் கால்நடை வைத்தியர் அலுவலகமும் தனித்தனியே திட்டம் போடாமல் அந்தக் கூட்டத்தில் ஒரே மேசையில் இருக்கட்டும். பால் கொடுக்கும் பெண்களில் ஒருவரையாவது அழைக்கட்டும்.

இப்படிக்கு,
பாரதிபுரத்திலிருந்து ஒரு வாசகி,
கிளிநொச்சி.