அந்த ஹோஸை வெட்டுவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலைந்து தடவை பார்த்தேன். உன் டீசல் வண்டியில், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றியதும் ஆயில் வழிந்தது, அதனால் இன்ஜினின் மூச்சுக்குழாயான பிரீதர் ஹோஸை டர்போவிலிருந்து பிடுங்கி சேஸிஸுக்குக் கீழே விடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு அம்மா.

உன் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கீழே ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். அதற்கு ஒரு வழி விடாவிட்டால் ஆயில் சீலைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்த வழிதான் பிரீதர். வாயு சும்மா போவதில்லை, ஆயில் துளிகளையும் அள்ளிக்கொண்டு டர்போவின் வாய்க்குள் போகிறது. அப்புறம் இன்டர்கூலரில் படலமாகப் படிந்து, ரப்பர் இணைப்புகளை வழுக்கி, புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் கொண்டுவரும் கரியோடு சேர்ந்து, காற்று இன்ஜினுக்குள் நுழையும் மேனிஃபோல்டில் தார் மாதிரி இறுகிவிடும். அதைச் சுரண்டி எடுத்தவன் நான், எனக்குத் தெரியும்.

ஆனால் நீ செய்ய நினைப்பது ஒன்றும் புதிது இல்லை. பழைய வண்டிகளில் எல்லாம் ஒரு குழாய் சேஸிஸுக்குக் கீழே தரையைப் பார்த்துத் தொங்கும். ஆயில் ஆவி ரோட்டில்தான் போகும். 1961 மாடலிலிருந்து கலிஃபோர்னியாவில் விற்ற புதுக் கார்களில் அந்த ஆவியைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். நகரத்தின் புகைமூட்டத்துக்கு அந்தக் குழாயும் ஒரு காரணம் என்று கண்டுபிடித்த பிறகு வந்த மாற்றம் அது. இன்றைக்குப் புகை விதி உள்ள இடங்களில் அதை மறுபடி திறந்துவிட்டால் வண்டி சோதனையில் தேறாமல் போகலாம். சில புது இன்ஜின்களில் ஹோஸைக் கழற்றினாலே மீட்டரில் விளக்கு எரியும்.

சரி, சட்டத்தை விடு. ஆயில் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார். டர்போவுக்குள் காற்று நுழையும் பக்கம் விரலை விட்டுத் துடை. அங்கேயே ஈரம் இருந்தால் பிரீதர். அங்கே காய்ந்து, காற்று வெளியேறும் பக்கம் மட்டும் நனைந்திருந்தால் டர்போவின் சீலைச் சந்தேகப்படு. ஹோஸை எங்கே திருப்பினாலும் பிரயோஜனம் இல்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் டர்போ பிரீதரிலிருந்து கூடுதலாக உறிஞ்சும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடு. இதை அலட்சியமாக விடாதே. டீசல் இன்ஜின் எந்த ஆயில் உள்ளே வந்தாலும் எரிக்கும்; மொத்தமாக வந்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடும். காற்று போகிற வழியை அடைத்தால்தான் அடங்கும். கையால் மட்டும் அடைக்கப் போய்விடாதே.

இதெல்லாம் சரியாக இருந்தால், கிராங்க் கேஸில் எவ்வளவு அழுத்தம் என்று அள. ஆயில் ஊற்றும் இடத்துக்குப் பழைய மூடி ஒன்று வாங்கி, துளை போட்டு, ஒரு நிப்பிள் வை. அதில் கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, யூ வடிவில் வளைத்துப் பாதிக்குத் தண்ணீர் விடு. இன்ஜின் சூடான பிறகு இரண்டு பக்கத் தண்ணீருக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று பார்த்து, உன் இன்ஜினின் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடு. டிப்ஸ்டிக் குழாயில் மாட்டாதே. சில இன்ஜின்களில் அதன் அடிமுனை ஆயிலுக்குள் முங்கியிருக்கும், பொய்யான அளவு காட்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நானும் இதைச் செய்தவன்தான். உனக்கு எட்டு வயது. நம் பழைய பிக்கப்பில் பிரீதரைக் கீழே திருப்பிவிட்டேன். கையில் கிடைத்தது ரேடியேட்டர் ஹோஸ். அதற்கு ஆயில் ஆகாது. சில மாதத்தில் ஊதி, தளர்ந்து, நடுவில் தொங்கிவிட்டது. அந்தத் தொங்கலில் தண்ணீரும் ஆயிலும் தேங்கியது. பத்து சென்டிமீட்டர் தேங்கினால் கிட்டத்தட்ட பத்து மில்லிபார் அழுத்தம் கூடுதலாக இருந்தால்தான் வாயு அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பின்பக்க கிராங்க் சீல் ஒழுக ஆரம்பித்தது. அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டியதாயிற்று. நீ டார்ச் பிடித்துக்கொண்டு, "எதுக்குப்பா அந்த ஹோஸ் போட்டே?" என்று கேட்டாய். பதில் சொல்லவில்லை. இன்டர்கூலர் குழாய் சுத்தமாக இருக்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான் ரிங்கும் தேய்ந்துகொண்டிருந்தது. ஆயில் எல்லாம் ரோட்டில் போனதால் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அதனால் என் யோசனை, கேட்ச் கேன், அதாவது ஆயிலைப் பிடிக்கும் டப்பா ஒன்று வை. பிரீதருக்கும் டர்போவுக்கும் நடுவில் வரும். வாயு டர்போவுக்கே போகும், ஆயில் டப்பாவில் நின்றுவிடும். உள்ளே வலையோ ஃபில்டரோ இல்லாத வெற்று டப்பாவை வாங்காதே, ஆவி அப்படியே தாண்டிப் போகும். முதலில் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து, எத்தனை மில்லி சேர்ந்தது என்று எழுதி வை. குளிர் நாளில் பால்கோவா நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் பயப்படாதே, தண்ணீர் கலந்தது அவ்வளவுதான்.

எதற்கும் கேட்காமல் கீழேதான் விடுவேன் என்றால் (உன் பிடிவாதம் உன் அம்மாவிடமிருந்து வந்தது), ஆயிலுக்கு ஏற்ற ஹோஸாக வாங்கு. உள் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது. மேலிருந்து கீழ்வரை எங்கும் தொங்காமல் சரிவாக வர வேண்டும், சைலன்சர் பக்கமே போகக் கூடாது. டர்போ பக்கம் திறந்துகிடக்கும் துளையைச் சரியான மூடி போட்டு கிளாம்ப் அடி. அது திறந்திருந்தால் ஃபில்டரில் படாத புழுதி நேராக டர்போவின் சக்கரத்துக்குத்தான் போகும்.

தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறியது என்று படம் எடுத்து அனுப்பு. அதுவரை ஹோஸில் கத்தியை வைக்காதே.

அன்புடன்,
அப்பா