அந்தத் தாத்தா கேட்ட பாட்டு

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை.

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் வார்டில் இருக்கும் தாத்தா ‘என்னோடிரும், மா நேச கர்த்தரே’ ராகத்தை முணுமுணுத்துவிட்டு, உன்னையும் பாடச் சொன்னாராம். அடக்க ஆராதனைப் பாட்டை உயிரோடு இருக்கிறவருக்கு எப்படிப் பாடுவது என்று நீ நழுவிவிட்டாயாம். உன்மேல் தப்பு சொல்ல மாட்டேன். பாட்டியைக் கல்லறைக்குக் கொண்டுபோன அன்றைக்குத்தான் நீ அதை முதலில் கேட்டிருப்பாய். அப்போது உனக்கு ஏழு வயது.

ஆனால் அது சாவுப் பாட்டு இல்லை, மகளே. எம்மாவூர் போகிற வழியில், கூட நடந்து வந்தவர் உயிர்த்தெழுந்த இயேசு என்றே தெரியாமல் இரண்டு பேர், ‘எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று, பொழுதும் போயிற்று’ என்று வருந்திக் கேட்டார்களே, லூக்கா 24இல்? பாட்டு பிறந்த இடம் அதுதான். உன் பெரியம்மா வாசலை மறித்துக்கொண்டு, ‘இருட்டிட்டு, இருந்து காலையில போங்க’ என்று பையைப் பிடுங்கி உள்ளே வைப்பாளே, அதே பேச்சு. நீ இருக்கும் இங்கிலாந்திலே எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு முன்னால் 1927 முதல் இதைப் பாடுகிறார்கள். கால்பந்து பார்க்க வந்தவன் சாவுப் பாட்டா பாடுவான்? காந்திக்கும் பிடித்த பாட்டு. டெல்லியில் ஜனவரி 29 படை விழாவில் வாசித்து வந்ததை 2022இல் எடுத்துவிட்டார்கள், அது வேறு கதை.

எழுதியவர் ஹென்றி பிரான்சிஸ் லைட். நீ இருக்கும் எக்ஸ்டருக்குத் தெற்கே பிரிக்ஸம் என்ற மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கே இருபது வருஷத்துக்கு மேல் போதகராக இருந்தார். காசநோய் முற்றி, 1847 செப்டம்பரில் கடைசிப் பிரசங்கம் செய்த அன்று மாலை இந்தப் பாட்டை வீட்டாரிடம் கொடுத்தார் என்று அவர் மகள் எழுதியிருக்கிறாள். நவம்பரில், இப்போது பிரான்சில் இருக்கும் நீஸ் நகரத்தில் இறந்துபோனார். 54 வயதுதான். நாம் பாடும் ராகம் 1861இல் மங்க் என்பவர் போட்டது.

இரண்டாவது சரணத்தைக் கவனித்துப் பார். ஆங்கிலத்தில், வாழ்நாள் கடல் வற்றுவதுபோல் வற்றிப்போகிறது. துறைமுகத்திலேயே குடியிருந்தவருக்கு அப்படித்தான் வரும். தமிழில் ‘நீர்மேல் குமிழிபோல் என் ஆயுசும்’. குமரகுருபரர் இளமைக்குச் சொன்ன அதே நீர்க்குமிழி! மொழிபெயர்த்தவர் கடலை விட்டுவிட்டுக் குமிழியைப் பிடித்துக்கொண்டார். எனக்கென்னவோ குமிழிதான் பிடிக்கிறது.

இன்னொன்று. லைட் சின்னப் பையனாக இருந்தபோதே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அப்புறம் மகனுக்கு எழுதிய கடிதங்களில் ‘அங்கிள்’ என்று கையெழுத்துப் போடுவாராம். பள்ளித் தலைமை ஆசிரியர்தான் ஃபீஸ் கட்டி, லீவுக்கும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். இதைப் படித்த பிறகு ‘மற்றோர் சகாயம் அற்றுப்போயினும்’ வரும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. பாடகர் குழுவில் பேஸ் என்கிற கீழ்க்குரல் பாட நாங்கள் இரண்டே பேர், நான் பாட்டை நிறுத்தினால் பாதி போச்சு.

தாத்தா இன்னும் அங்கே இருந்தால் இரண்டு சரணமாவது பாடு. தமிழிலேயே பாடு, ராகம் ஒன்றுதானே.

நைட் டியூட்டி முடிந்து சாப்பிடாமல் தூங்காதே.

இப்படிக்கு,
அப்பா