வளையமிட்ட பறவை கிடைத்தால்...

ஆசிரியருக்கு,

காலில் வளையம் கிடந்தாலே ‘உளவுப் பறவை’ என்று காவல் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வலசைப் பறவைகள் போய்வரும் தடத்தை அறிய அவற்றின் காலில் எண் பொறித்த வளையமிடுவது பல பத்தாண்டுகளாக நடக்கிற வேலை.

வளையம் காலில் தாராளமாகச் சுழல வேண்டும். முனைகள் இடைவெளியின்றிச் சேர வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் வலைநூல் சிக்கிக் காலை அறுத்துவிடும். உப்பளத் தண்ணீரில் அலுமினியம் அரித்து எண் மங்கும். கரைப்பறவைகளுக்கு உறுதியான உலோகக் கலவையே நல்லது. தடமறிய முதுகில் கட்டும் கருவியென்றால் உடலெடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 50 கிராம் எடையுள்ள உள்ளான் என்ற கரைப்பறவைக்கு ஒன்றரை கிராம்தான்!

உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்றாதீர்கள், நெம்பினால் கால் முறியும். எழுத்தையும் எண்ணையும் படமெடுத்துவிட்டு உடனே பறக்கவிடுங்கள். இடம், தேதியோடு வளையத்தில் பொறித்துள்ள நிறுவனத்துக்குத் தெரிவித்தால் போதும்.

– பறவை ஆர்வலர்கள் சிலர்,
நாகப்பட்டினம் மாவட்டம்