யூதாசு காசையாவது திருப்பிக் கொடுத்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இதழின் தவக்காலச் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) சிறப்புப் பக்கத்தில் மனமாற்றம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். "பேதுரு அழுதார், யூதாசு அழவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்" என்று ஒரு வரி. எழுதியவருக்கு விவிலியத்தில் மத்தேயு நற்செய்தியின் 27-ஆம் அதிகாரத்தைப் புரட்ட நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா? இயேசுவுக்குத் தண்டனை என்று தெரிந்ததும், அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசு மனம் வருந்தினான். பாவம் செய்துவிட்டேன் என்று தலைமைக் குருக்களிடமே போய்ச் சொன்னான். அதற்குக் கூலியாக வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் கோவிலில் எறிந்துவிட்டுப் போனான். தான் காட்டிக்கொடுத்த இயேசுவிடம் திரும்பி வரத்தான் அவனுக்கு மனம் வரவில்லை. இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுத்த பேதுரு வந்தார். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் மூன்றாவது முறையும் 'என்மீது அன்பு உண்டா' என்று கேட்டபோது துயரப்பட்டார். ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை.

கண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவன் நான். எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் ஒரு சீசனில் என் பெங்களூரா மாங்காயை எடுத்தார். கூழ் ஆலையில் லோடுக்குப் போட்ட எடை ஒன்று, என் சீட்டில் இருந்த எடை வேறு. கேட்டால் 'கழிவு' என்றார். சரி, மிச்சப் பணமாவது வந்ததா? அதுவும் இல்லை. அடுத்த தவக்காலத் தியானத்தில் இதே மனிதர் பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டுத் தோள் குலுங்க அழுதார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "மாமா, மனசு லேசாயிடுச்சு" என்றார். என் மடி அதற்கு முன்பே லேசாகியிருந்தது. யூதாசு அளவுக்குக்கூட இவர் வரவில்லையே என்று சொன்னால், கல்நெஞ்சுக்காரன் என்று எனக்குப் பெயர்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதற்கு, மனஸ்தாபம் என்கிற மனவருத்தம் மட்டும் போதாது, இனி செய்யமாட்டேன் என்ற உறுதி வேண்டும், பரிகாரம் வேண்டும் என்று ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பில் சிறு பிள்ளைகளுக்கே சொல்லித் தருகிறார்கள். லூக்கா நற்செய்தியில் வரும் வரிவசூல்காரர் சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் தருகிறேன் என்றார். அவர் அழுததாக லூக்கா ஒரு சொல்கூட எழுதவில்லை. திருச்சபை ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதது அல்ல. நரகத்துக்குப் பயந்து வரும் அரைகுறை வருத்தத்தைக்கூட 1551-ல் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் கடவுளின் கொடை என்றுதான் சொன்னது. ஆனால் பாவம் செய்யும் ஆசையை விட்டிருக்க வேண்டும் என்றும் கூடவே சொன்னது. உங்கள் கட்டுரையாளர் கண்ணீரோடு கடையை மூடிவிட்டார்.

எழுத உட்கார்ந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தருமபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997-ல். இன்றும் எங்கள் ஊர்த் திருவிழாச் செய்தியில் 'சேலம் மறைமாவட்டம்' என்றே போடுகிறீர்கள். குருத்தோலை ஞாயிறு பவனிப் படத்தைப் பெரிய வெள்ளிச் செய்திக்குப் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன், பாராட்டிய முதல் பத்தி மட்டும் அச்சானது, குறை சொன்ன பகுதி எங்கே போனதோ! திருத்தூதர் பவுல் கடிதம் எழுதித்தான் கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களைத் துயரப்படுத்தினார், அவர்களும் திருந்தினார்கள். என் கடிதங்களுக்கு அந்த யோகம் இல்லை.

இப்போது கேட்பது சின்ன விஷயம்தான். கடவுளுக்கேற்ற மனவருத்தம் மனமாற்றத்தைத் தரும் என்ற பவுலின் வசனத்தை அந்தக் கட்டுரையில் முதலாம் கொரிந்தியர் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது இரண்டாம் கொரிந்தியர் 7:10. ஒரு வரித் திருத்தம் போதும். வானிலைச் செய்திக்குக் கீழே ஒளித்துவைக்காமல் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கிருஷ்ணகிரி மாவட்டம்